நின்றுபோன ஊறல்

நவம்பர் பிறந்துவிட்டால் இராயபுரம், காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கமிருந்து எனக்கு ஃபோன் வர ஆரம்பித்துவிடும். விஷயம் பெரும்பாலும் ஒன்றுதான். "தம்பி, ஜாடியில போட்டது மொதல்ல நல்லா பொங்கிச்சு, இப்ப கம்முனு கெடக்குது. வாயில வெச்சா பாகு மாதிரி இனிக்குது. தூக்கிக் கொட்டிடவா?" சர்க்கரை ஆலையோடு சேர்ந்த ஒரு வடிசாலையின் ஆய்வகத்தில் குப்பி கழுவி, பிரிக்ஸ் பார்த்து, ஈஸ்ட் வளர்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்த ஒரே தகுதியில் அக்கம்பக்கத்துக் கிறிஸ்துமஸ் வைன் ஜாடிகளுக்கெல்லாம் வைத்தியர் ஆகிவிட்டேன்.

இப்போது இன்னொரு வகை ஃபோனும் வருகிறது. இளவட்டங்கள். "சார், திராட்சை எல்லாம் இல்ல. சர்க்கரை, தண்ணி, ஈஸ்ட் அவ்ளோதான். வீடியோ பார்த்துப் போட்டோம். பாதியிலயே நின்னுபோச்சு சார்." வெறும் சர்க்கரைத் தண்ணீரைப் புளிக்க வைப்பவன் அதை அப்படியே குடிக்கப் போவதில்லை, காய்ச்சப் போகிறான். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஏன் நின்றது என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்லிவிடுவேன்; அது வெறும் உயிரியல். காய்ச்சுவது எப்படி என்று ஆரம்பித்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வேன். இந்த இரண்டுக்கும் ஏன் என்று ஒவ்வொரு ஃபோனிலும் சொல்லி மாளவில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், நின்றுவிட்டது என்று எப்படித் தெரியும்? குமிழி வரவில்லை என்பது சாட்சியே இல்லை. மூடி சரியாகப் பொருந்தாத ஜாடியில் வாயு பக்கவாட்டில் போய்க்கொண்டிருக்கும், நீங்கள் மேலே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். எல்லா இனிப்பும் தீர்ந்து வேலை முடிந்திருந்தாலும் குமிழி வராது. முடிந்ததா, நின்றதா என்பதை அளந்துதான் சொல்ல முடியும். ஆலையில் சர்க்கரை அளவைக் காட்டும் பிரிக்ஸ் மானி இருக்கிறது. வீட்டில்? பாரிமுனைப் பக்கம் ஆய்வகக் கண்ணாடிச் சாமான் விற்கும் கடைகளில் ஹைட்ரோமீட்டர் கிடைக்கும். வெறும் தண்ணீரில் 1.000 காட்டும். சர்க்கரை கரைந்தால் மிதந்து மேலே வரும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்னக் கீழே இறங்கும். எல்லாம் தீர்ந்தால் ஆல்கஹால் தண்ணீரை விட லேசு என்பதால் 1.000-க்கும் கீழே, 0.990 பக்கம் போய் நிற்கும். இன்று 1.030, நாளை 1.030, மறுநாளும் அதே 1.030 என்றால் நின்றுவிட்டது என்று அர்த்தம். கருவி இல்லையென்றால் நாக்குதான் கருவி. தேன் போல இனித்தால் வேலை பாதியில் கிடக்கிறது.

இனிப்பு அப்படியே கிடந்து நின்றது என்றால், பத்துக்கு எட்டு வீட்டில் குற்றவாளி செய்முறைதான். ஒரு கிலோ திராட்சைக்கு ஒரு கிலோ சர்க்கரை என்பது இராயபுரத்தில் மாமியாரிடமிருந்து மருமகளுக்குப் போகும் கணக்கு. கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். ஒரு லிட்டரில் சுமார் 17 கிராம் சர்க்கரை தீர்ந்தால் 1 சதவீத ஆல்கஹால் சேரும். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வரும் பன்னீர் திராட்சை, அதுதான் 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியதே, தன்னுடைய சொந்த இனிப்பிலேயே 9 சதவீதம் பக்கம் போய்விடக் கூடியது. அதன் மேல் கிலோ கணக்கில் சர்க்கரையைக் கொட்டினால் ஏட்டுக் கணக்கில் 20 சதவீதத்தைத் தாண்டும். ரொட்டிக் கடை ஈஸ்ட் 10, 12-ஐத் தொடும்போதே தள்ளாடிவிடும். தான் கழித்த ஆல்கஹாலிலேயே தான் மூச்சு முட்டி விழும். மிச்சச் சர்க்கரை தின்ன ஆளில்லாமல் அப்படியே தங்கிவிடும்.

அப்புறம் நம்ம ஊர்க் கிறிஸ்துமஸ் வைன் ஏன் அவ்வளவு தித்திக்கிறது என்று நினைக்கிறீர்கள்? அது நின்றுபோன ஊறலேதான். எல்லா வீட்டு ஜாடியும் வருஷா வருஷம் நிற்கிறது, அதைத்தான் கேக்கோடு சேர்த்துச் சப்புக்கொட்டிக் குடிக்கிறோம். அதனால் ஆன்ட்டிமார்கள் நவம்பர் கடைசியில் பதறிப்போய்க் கூப்பிட்டால் நான் முதலில் கேட்பது, "இனிப்பா இருந்தா உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்றுதான். பாதிப் பேர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "கஷ்டம் ஒண்ணும் இல்ல" என்று ஃபோனை வைத்துவிடுவார்கள்.

உண்மையிலேயே சீக்கிரம் நின்றது, வைனுக்கு வாசமே வரவில்லை, வெறும் ஜூஸாக இருக்கிறது என்றால் வேறு கதை. அங்கே சர்க்கரை அளவை விட்டுவிட்டு மற்றதைப் பார்க்க வேண்டும்.

ஈஸ்ட் உயிரோடு இருந்ததா? கடைக்காரர் அலமாரியில் வெயில் அடிக்கும் பக்கமாக மாசக் கணக்கில் கிடந்த டிரை ஈஸ்ட் பாக்கெட் பாதி பிணம். போடுவதற்கு முன்னால் கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்கி, மேலே தூவிப் பார்க்க வேண்டும். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் நுரை கட்டாவிட்டால் அதைத் தூக்கிப் போடுங்கள். கொதிக்கும் தண்ணீரில் தூவி ஈஸ்டை வேகவைத்துவிட்டு "பொங்கலையே" என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

பட்டை, கிராம்பு? பட்டையிலும் கிராம்பிலும் இருக்கும் எண்ணெய் கிருமியைக் கொல்லும். பல்வலிக்குக் கிராம்பு எண்ணெய் வைக்கிறோமே. ஈஸ்டும் ஒரு கிருமிதான். முதல் நாளே கை நிறைய அள்ளிப் போட்டால் ஈஸ்ட் மந்தமாகிவிடும். பொங்கி அடங்கிய பிறகு போட்டால் வாசனையும் நிற்கும், வேலையும் கெடாது.

சூடு ஒரு பெரிய விஷயம், ஆனால் நவம்பரில் இல்லை. மழைக்காலத்துச் சென்னை ஈஸ்டுக்குச் சொர்க்கம். 25-லிருந்து 32 டிகிரி வரை அதற்கு இதமாக இருக்கும். மே மாதத்தில் திருவொற்றியூர் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பிளாஸ்டிக் பேரலில் போட்டு வைப்பவன்தான் மாட்டிக்கொள்கிறான். புளிக்கும்போது ஊறல் தானாகவே சூடேறும் என்பதை வெளியாட்கள் கவனிப்பதில்லை. ஆலையில் பெரிய தொட்டிகளுக்கு இதற்காகவே ஊறலை வெளியே எடுத்து, குளிர்ந்த தண்ணீர் ஓடும் தகடுகளுக்கிடையே ஓடவிட்டுத் திருப்பி அனுப்புவோம். கோடையில் அந்தக் குளிர்விப்பான் ஒரு ஷிப்ட் நின்றால் போதும், மறுநாள் ஆல்கஹால் குறைந்திருக்கும், மேலதிகாரி முகம் சிவந்திருக்கும். 38, 40 டிகிரியைத் தாண்டி, கூடவே ஆல்கஹாலும் சேர்ந்தால் ஈஸ்ட் கூட்டத்தோடு செத்து அடியில் படியும். அதை யாராலும் எழுப்ப முடியாது.

இதெல்லாம் சரியாக இருந்தும் வெறும் சர்க்கரை ஊறல் மட்டும் நின்றுவிடுகிறதே, அது ஏன்? இதுதான் அந்த இளவட்டங்களின் கேள்வி. எனக்கும் பிடித்த கேள்வி.

வெள்ளைச் சர்க்கரை கிட்டத்தட்ட முழுக்க முழுக்கச் சுக்ரோஸ். வேறு எதுவும் அதில் இல்லாதபடி ஆலையில் மெனக்கெட்டுச் சுத்தம் செய்து அனுப்புகிறோம். தண்ணீர்? வடசென்னைக்கென்று 2010-இல் மீஞ்சூர் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது, ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் திறன். கடல்நீரின் உப்பை வடிகட்டி எடுத்த தண்ணீர் அது. அதுவும் வேண்டாம் என்று கேன் தண்ணீர் வாங்கி ஊற்றினால் அதில் தாதுவே மிகக் குறைவு. ஆக, சுத்தமான சர்க்கரை, சுத்தமான தண்ணீர். நமக்குச் சுத்தம்தான். ஈஸ்டுக்கு அது குழம்பு, பொரியல், மோர் எதுவும் இல்லாமல் தட்டு தட்டாக வெறும் சோற்றைப் போடுவது போலத்தான். உழைக்கத் தெம்பு வரும், உடம்பு வளராது. ஈஸ்ட் இரண்டாக, நாலாகப் பெருகுவதற்கு நைட்ரஜன் வேண்டும், பாஸ்பரஸ் வேண்டும், மக்னீசியம், பொட்டாசியம் வேண்டும், கொஞ்சம் வைட்டமின் வேண்டும். முதல் நாள் காற்றும் வேண்டும். ஆக்ஸிஜன் இருந்தால்தான் ஆல்கஹாலைத் தாங்கும் கொழுப்பைத் தன் தோலில் அது கட்டிக்கொள்ள முடியும். அதனால்தான் முதல் நாள் நன்றாகக் கலக்கி விடச் சொல்வது. திராட்சையில் இதில் பெரும்பாலானவை தானாகவே இருக்கின்றன. சர்க்கரைத் தண்ணீரில் ஒன்றுமே இல்லை.

நம்ம பாட்டிமார்கள் வைன் ஜாடியில் ஒரு பிடி கோதுமையை இடித்துப் போடுவார்கள். ஏன் என்று கேட்டால் "போடணும், அவ்ளோதான்" என்பார்கள். கோதுமையிலிருந்து ஈஸ்டுக்கு நைட்ரஜனும் தாதுவும் கிடைக்கும். இன்னொரு பக்கம், காட்டிலும் ஆற்றுப் படுகையிலும் ஊறல் போட்டவர்கள் வெல்லத்தோடு நவச்சாரத்தைப் போட்டார்கள். பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் பையில் வைத்திருப்பாரே, அதே நவச்சாரம். "கிக் ஏத்துறதுக்கு" என்று ஊரில் சொல்வார்கள், போலீஸ் பிடித்துக் காட்டும் படங்களிலும் அது ஏதோ விஷம் போலத்தான் பேசப்படும். வேதியியலில் அதற்குப் பெயர் அம்மோனியம் குளோரைடு. ஈஸ்ட் விரும்பி எடுத்துக்கொள்ளும் நைட்ரஜன் அம்மோனியத்தில்தான் இருக்கிறது. பள்ளிக்கூடம் போகாத ஆள், வெறும் இனிப்பில் ஊறல் படுத்துவிடும் என்பதைக் கண்ணால் பார்த்து, அதற்கு மருந்தையும் கண்டுபிடித்து வைத்திருந்தான். செய்த தொழில் சட்டவிரோதம்தான், மறுக்கவில்லை. கவனிப்பு உசத்தியானது.

லண்டனில் அதே கவனிப்பு நோபல் பரிசு வரை போனது. ஆர்தர் ஹார்டன், வில்லியம் யங் என்று இரண்டு பேர், லிஸ்டர் இன்ஸ்டிடியூட்டில். 1905-ஐ ஒட்டிய வருஷங்கள். ஈஸ்டைப் பிழிந்து எடுத்த சாற்றில் சர்க்கரையைப் போட்டால் கொஞ்ச நேரம் நுரைத்துவிட்டு நின்றுபோகிறது. அதில் கொதிக்க வைத்த ஈஸ்ட் சாற்றை ஊற்றினால் மறுபடி பொங்குகிறது. கொதித்த சாற்றில் அப்படி என்ன இருக்கிறது என்று தோண்டியபோது கிடைத்த ஒன்று, பாஸ்பேட். பாஸ்பேட்டை மட்டும் தனியாகப் போட்டாலும் ஊறல் எழுந்து உட்கார்ந்தது. சூட்டுக்குக் கெடாத இன்னொரு துணைப் பொருளும் அதில் இருந்தது. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லும் அதை வைத்துத்தான் ஓடுகிறது என்று பின்னால் தெரிந்தது. ஹார்டனுக்கு 1929-இல் பரிசு. அதற்கு முன்னால், 1856-இல், பிரான்சின் லீல் நகரத்தில் பீட்ரூட் சாராய ஆலை வைத்திருந்த பிகோ என்பவர் தொட்டிகள் கெட்டுப்போவதாகப் புலம்பிக்கொண்டு தன் மகனின் பேராசிரியரிடம் போய் நின்றார். அந்தப் பேராசிரியர் லூயி பாஸ்டர். கெட்ட தொட்டியின் துளியை நுண்ணோக்கியில் பார்த்ததிலிருந்து அவருடைய கிருமி ஆராய்ச்சி கிளம்பியது. உயிர்வேதியியலுக்கு நின்றுபோன, கெட்டுப்போன ஊறல்களிடம் பெரிய கடன் இருக்கிறது என்று நான் ஆய்வகத்துப் பையன்களிடம் சொல்வதுண்டு. அவர்கள் தேநீருக்குப் போய்விடுவார்கள்.

ஆலையில் நவச்சாரம் கிடையாது. யூரியாவும் டைஅம்மோனியம் பாஸ்பேட்டும் போடுவோம். சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் மொலாசஸில் பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் தாராளமாக இருக்கும், நைட்ரஜன்தான் இழுக்கும். நம்ம பக்கத்துப் பாரி கம்பெனி வரலாற்றைப் பார்த்தால் சர்க்கரையும் உரமும் ஒரே வீட்டில் இருப்பது தெரியும். நெல்லிக்குப்பத்தில் 1842-லிருந்து சர்க்கரை. இராணிப்பேட்டையில் 1906-இல் சூப்பர் பாஸ்பேட் உரம். 1960-களில் எண்ணூரில் உர ஆலை. கரும்புக்குப் போடும் உரமும் ஈஸ்டுக்குப் போடும் உரமும் ஒரே குடும்பம்.

இதைப் படித்துவிட்டு யாரும் உர மூட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளி வைனில் போட்டுவிடாதீர்கள். வயலுக்கு வரும் உரத்தில் ஃபுளோரைடு, காட்மியம் போன்றவை இருக்கலாம், அது உணவுத் தரம் கிடையாது. வீட்டில் இருக்கும் மருந்தே போதும். ஒரு ஸ்பூன் ரொட்டி ஈஸ்டை அரை டம்ளர் தண்ணீரில் சில நிமிஷம் கொதிக்க வைத்து ஆறவிட்டு ஊற்றுங்கள். செத்த ஈஸ்டைப் போல உயிருள்ள ஈஸ்டுக்கு நல்ல சாப்பாடு இல்லை. ஹார்டன் செய்ததும் அதுதான்.

புளிப்பு ஏறிப்போவது இன்னொரு காரணம். அம்மோனியத்தைத் தின்னும்போது ஈஸ்ட் அமிலத்தை வெளியே தள்ளும். திராட்சைச் சாற்றில் அந்த அமிலத்தைத் தாங்கிப்பிடிக்கும் உப்புகள் இருக்கின்றன. சர்க்கரைத் தண்ணீரில் இல்லை. பி.ஹெச் சடசடவென்று 3-க்கும் கீழே விழும், அத்தோடு ஈஸ்ட் வேலையை விட்டுவிடும். பி.ஹெச் தாள் வைத்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். கால்சியம் கார்பனேட் இதற்கு நல்லது. அமிலம் ஏறினால் கரையும், ஏறாவிட்டால் அடியில் சும்மா கிடக்கும். கிளிஞ்சல் கிட்டத்தட்ட முழுக்க அதுதான். ஆனால் எண்ணூர் முகத்துவாரத்தில் போய்ப் பொறுக்காதீர்கள். அனல்மின் நிலையச் சாம்பலும் ஆலைக் கழிவும் படிந்த ஆறு அது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இனி எழுப்பும் வேலை. பலரும் செய்வது, நின்ற ஜாடிக்குள் இன்னொரு பாக்கெட் ஈஸ்டை உலர்ந்தபடியே கொட்டுவது. ஆல்கஹாலும் அமிலமும் நிறைந்த இடத்தில் காய்ந்த ஈஸ்ட் விழுந்த வேகத்தில் சாகும். அதைப் பழக்கித்தான் இறக்க வேண்டும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீரில் ஈஸ்டைப் பொங்க விடுங்கள். பொங்கியதும் நின்ற வைனில் அரை டம்ளர் எடுத்து அதில் சேருங்கள். அதுவும் பொங்கட்டும். அப்புறம் ஒரு டம்ளர், அப்புறம் இரண்டு. பாத்திரம் நிறைந்து, நுரை தளும்பிக்கொண்டிருக்கும்போது ஜாடியில் ஊற்றுங்கள். ஒரு நாள், ஒன்றரை நாள் பிடிக்கும். இனிப்பு அளவுக்கு மீறி இருந்தால் முதலிலேயே கொதித்து ஆறிய தண்ணீர் விட்டுத் தளர்த்திக்கொள்ளுங்கள். மூடியை இறுக்கித் திருகிவிடாதீர்கள். ஒரு கிலோ சர்க்கரை முழுசாகப் புளித்தால் 250 லிட்டருக்கும் மேல் கரியமில வாயு வரும். கண்ணாடி ஜாடி தாங்காது. வெடித்தால் பக்கத்தில் நிற்பவர் கண் போகும். காடி வாசனை வந்துவிட்டதென்றால் இந்த வைத்தியம் எதுவும் பலிக்காது, வேறு கிருமி குடியேறிவிட்டது. அதை வினிகராக்கி விண்டாலுவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெரம்பூர் ஆங்கிலோ இந்தியன் வீட்டு விண்டாலு சாப்பிட்டவர்களுக்கு இது நஷ்டமாகவே தோன்றாது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டத்தை ராஜாஜி அந்த அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் தொடங்கி வைத்தார். 1971-இல் கருணாநிதி கதவைத் திறந்தார், அவரே பிறகு மூடினார், 1981-இல் எம்ஜிஆர் திறந்தார், 1983-இல் டாஸ்மாக் வந்தது, 2003-இல் சில்லறைக் கடையும் அதன் கைக்கே போனது. இத்தனை மாறியும் அந்தச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் யாரும் மது தயாரிக்கக் கூடாது. வைனும் மதுதான், வீட்டு ஜாடிக்கு விலக்கு கிடையாது. தேவாலயத்துத் தெருவில் கிறிஸ்துமஸ் ஜாடியைத் தேடி யாரும் வருவதில்லை என்பது பழக்கமே தவிர உரிமை இல்லை. காய்ச்சுவது அந்தப் பழக்கத்துக்குக்கூட அப்பாற்பட்டது. கேஸ் அடுப்பு, ஒற்றை ஜன்னல், பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டிய இராயபுரத்துச் சந்து, நடுவில் ஆல்கஹால் ஆவி. ஆலையில் வடிகோபுரத்துப் பக்கம் தீப்பெட்டியைக்கூட எடுத்துப் போகவிட மாட்டோம்.

சரி, இளவட்டங்கள் அடுத்துக் கேட்பது இது. "சார், தப்பா காய்ச்சினா மெத்தனால் வந்து கண்ணு போயிடும்னு சொல்றாங்களே?" ஊரே நம்பும் இந்தக் கதையில்தான் எனக்குச் சண்டை. மெத்தனால் பழத்தோலில் இருக்கும் பெக்டினிலிருந்து வருவது. திராட்சை வைனில் ஆளைத் தொடாத அளவுக்குக் கொஞ்சமாக இருக்கும். வெள்ளைச் சர்க்கரையில் பெக்டினே இல்லை, அதனால் சர்க்கரை ஊறலில் மெத்தனால் என்று பேச எதுவும் இல்லை. காய்ச்சுவது புதிதாக எதையும் உண்டாக்காது, இருப்பதைப் பிரிக்கும், அவ்வளவுதான். கொத்துக் கொத்தாக மனிதர்கள் செத்த இடங்களில் அவர்கள் குடித்தது பெரும்பாலும் ஊறலிலிருந்து வந்தது இல்லை.

2023 மே மாதம். மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போது காவல்துறைத் தலைவராக இருந்த சைலேந்திர பாபுவின் அறிக்கையே தெளிவாகச் சொன்னது, அது காய்ச்சிய சாராயம் இல்லை, ஆலைகளில் பயன்படும் மெத்தனால். அந்தச் சரக்கு சென்னைப் பக்கத்து ஆலையிலிருந்து போனது என்று விசாரணையில் வந்தது. 2024 ஜூன், கள்ளக்குறிச்சி கருணாபுரம். 60-க்கும் மேற்பட்ட உயிர்கள். அங்கேயும் மெத்தனால். மதுவிலக்குக் காலத்தில் வார்னிஷ் குடித்துச் செத்தவர்களைப் பற்றி வடசென்னைப் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். எல்லாமே ஆலையிலிருந்து வந்த திரவம்.

யோசித்துப் பாருங்கள். ஊறல் போட்டு வியாபாரம் செய்பவனுக்கு எத்தனை தலைவலி. நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும், நாற்றம் காட்டிக்கொடுக்கும், வெயிலில் படுத்துவிடும், படுத்தால் எழுப்பத் தெரிய வேண்டும். டிரம்மில் வரும் மெத்தனாலுக்கு எதுவும் வேண்டாம். தண்ணீர் கலந்தால் பாக்கெட் தயார். பார்க்கவும் முகரவும் சாராயம் போலவே இருக்கும். காத்திருக்கப் பொறுமையில்லாத லாபம் ஈஸ்டை விட்டு டேங்கருக்குத் தாவியது, அதுதான் நடந்தது. ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் ஊறல் பானைகளை உடைத்துப் படம் பிடித்துப் போடுகிறார்களே, எனக்கு அப்போதெல்லாம் எரிச்சல்தான் வரும். 2024 ஜூன் கடைசியில் சட்டசபை அந்தப் பழைய சட்டத்தைத் திருத்தி, சாவு நேர்ந்தால் ஆயுள் தண்டனையும் 10 லட்சத்துக்குக் குறையாத அபராதமும் என்று ஆக்கியது. நல்லதுதான். அதைவிட, மணலியிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் வெளியே போகும் கரைப்பான் டிரம் ஒவ்வொன்றும் எங்கே போய்ச் சேர்ந்தது என்று கணக்கு கேட்பது அவசியம். எங்கள் வடிசாலையில் ஒரு லிட்டர் ஸ்பிரிட் குறைந்தால் கலால் அதிகாரி வந்து உட்கார்ந்துவிடுவார். குடிக்கக் கூடிய எத்தனாலுக்கு அத்தனை பூட்டு. குடித்தால் கொல்லும் மெத்தனாலுக்கும் அதே பூட்டு வேண்டும் என்பதுதான் என் கட்சி.

ஆகவே அந்த இளவட்டங்களுக்கு நான் சொல்வது: நின்றுபோன உங்கள் சர்க்கரைத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டுங்கள். ஏன் நின்றது என்று தெரிந்துகொள்ள ஆசை இருந்தால் கல்லூரியில் நுண்ணுயிரியல் எடுங்கள், வடிசாலைகளில் இன்றும் அதற்கு வேலை இருக்கிறது. ஊறல் எழும்பவில்லை என்று, எங்கேயோ மலிவாகக் கிடைக்கிறதென்று, லேபிள் இல்லாத கேனிலிருந்து எதையும் ஊற்றிக் கலக்காதீர்கள், குடிக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று, இது எல்லோருக்கும். எங்கேயோ வாங்கிக் குடித்தவருக்குப் பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள்கூட, வயிறு வலிக்கிறது, வாந்தி வருகிறது, கண்ணுக்கு முன்னால் வெள்ளையாகப் பனி படர்ந்த மாதிரி இருக்கிறது என்றால் போதை தெளியட்டும் என்று படுக்க வைக்காதீர்கள். மோரும் எலுமிச்சைச் சாறும் மெத்தனாலை ஒன்றும் செய்யாது. மருத்துவமனையில் அதற்கு முறிவு மருந்து இருக்கிறது, இரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் இருக்கிறது, ஆனால் சீக்கிரம் போனால்தான் கண்ணும் உயிரும் மிஞ்சும். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று மறைக்காமல் என்ன குடித்தார், எப்போது குடித்தார் என்பதை டாக்டரிடம் நேராகச் சொல்லுங்கள். கூடக் குடித்தவர்களையும், இப்போது நன்றாக இருந்தாலும், கூட்டிக்கொண்டு போங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். நம்ம பக்கத்துக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறது, அவசர சிகிச்சைப் பிரிவு இராப்பகலாகத் திறந்திருக்கும்.